'ஸோல்டன் ஸீ' என்று ஜெர்மன் கடிதம் வந்திருக்கிறது, அவசரம்

புதுவரவு_ஸ்டுட்கார்ட்:
வணக்கம். ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இன்று வந்த கடிதத்தில் கொட்டை எழுத்தில் 'மானுங்' (பணம் கட்டச் சொல்லும் நினைவூட்டல்) என்று இருக்கிறது. கடைசி வரி 'ஸோல்டன் ஸீ பெரைட்ஸ் கெட்ஸால்ட் ஹாபன்' என்று தொடங்குகிறது. ஸோல்டன் என்பது ஆங்கில 'ஷுட்' தானே? 'முன்பே கட்டியிருக்க வேண்டும்' என்று மிரட்டுகிறார்களா? விசாவுக்கு ஆபத்து வருமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. யாராவது உடனே சொல்லுங்கள்.

நெக்கார்_தமிழன்:
ஆமாம், 'வேண்டும்' தான். வாதாடாமல் இன்றே கட்டிவிடுங்கள். முன்பே கட்டியிருந்தாலும் இன்னொரு முறை கட்டுங்கள், அதிகப்படியைத் திருப்பித் தருவார்கள்.

ஹம்_பெரியவர்:
தம்பி, பயப்படாதே. நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1986-இல் வந்தவன். எங்களுக்கு மொழி வகுப்பும் இல்லை, கைபேசி மொழிபெயர்ப்பும் இல்லை. அகதி விண்ணப்பம் முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதி வாங்க வேண்டும். வரும் கடிதங்களைப் பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்து, தேவாலயத்திலிருந்து வரும் அம்மாவிடம் காட்டுவோம். 'வீர் லேனன்' என்று ஒரு கடிதம் தொடங்கியது. அகராதியில் லேனன் என்றால் சாய்தல். யார் எதில் சாய்கிறார்கள் என்று இரண்டு நாள் குழம்பினோம். வாக்கியத்தின் கடைசியில் ஓர் 'அப்' தனியாக நின்றது. இரண்டையும் சேர்த்தால்தான் 'நிராகரிக்கிறோம்'! வினையை வெட்டி ஒரு துண்டை வாசலிலும் மறு துண்டைக் கொல்லையிலும் வைக்கிற மொழி இது. எந்தக் கடிதம் வந்தாலும் கடைசிச் சொல்லை முதலில் பார். இங்கே ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்கு வா, நேரில் பேசுவோம்.

லைப்சிக்_மாணவி:
ஐயா, அவர் கேட்டது நிராகரிப்பைப் பற்றி இல்லையே! ஆனால் குழப்பம் எனக்கும் உண்டு. 'ஹால்ப் ட்ரை' என்றால் மூன்றரை என்று நினைத்து மருத்துவரிடம் போனேன். அது இரண்டரையாம். வரவேற்பில் இருந்தவர் கடிகாரத்தைக் காட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை.

நெக்கார்_தமிழன்:
பேசினால் மட்டும் என்ன? அலுவலகத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தாலே வைத்துவிடுகிறார்கள். வரி மட்டும் எந்த மொழியிலும் வாங்கிக்கொள்வார்கள்.

லைப்சிக்_மாணவி:
அதோடு 'முஸ்ஸன் நிஷ்ட்'. 'வரக் கூடாது' என்று நினைத்து ஒரு கூட்டத்துக்குப் போகாமல் இருந்தேன். அது 'வர வேண்டியதில்லை' தானாம், விருப்பமிருந்தால் போயிருக்கலாம்.

எசன்_அக்கா:
புலம்பல் போதும். நான் கணக்குப் பிரிவில் இதே வரியை அன்றாடம் அனுப்புகிறவள். இரண்டாவது முறை கட்டாதீர்கள்; திருப்பி வாங்குவதற்குள் வேறு வேலை ஓடாது. வாக்கியம் ஸோல்டன் என்ற வினையில் தொடங்கினால், 'வென்' என்ற சொல்லை (நம் 'ஆல்' விகுதி மாதிரி) விழுங்கிவிட்டார்கள் என்று பொருள். 'நீங்கள் ஏற்கெனவே செலுத்தியிருந்தால்' என்று படியுங்கள். பின்னால் 'கேகன்ஷ்டாண்ட்ஸ்லோஸ்' என்று வருமே, 'இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்' என்பது அது. மிரட்டல் இல்லை, மரியாதை வாய்பாடு. 'ஸோல்டன் ஸீ ஃப்ராகன் ஹாபன்' என்பதும் இதே அச்சுதான்: 'கேள்விகள் இருந்தால்'.

தம்பி, நீங்கள் சொல்லாமல் விட்டது மூன்று: பணம் கட்டினீர்களா, கடிதத் தேதி என்ன, உறை மஞ்சளா? மஞ்சள் உறையில் நீதிமன்றத்தின் 'மான்பெஷைட்' (பணம் கட்டச் சொல்லும் ஆணை) வந்திருந்தால் கதை வேறு. தபால்காரர் உறையில் எழுதும் தேதியிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மறுப்பு அனுப்ப வேண்டும்.

புதுவரவு_ஸ்டுட்கார்ட்:
வெள்ளை உறை. கடிதத் தேதி 4. நான் 3-ஆம் தேதி இரவு வங்கிச் செயலியில் அனுப்பிவிட்டேன்.

எசன்_அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! பணமும் கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. சாதாரண நினைவூட்டல் இது, விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா, 'ஃபெர்வெண்டுங்ஸ்ட்ஸ்வெக்' (எதற்கான பணம் என்று எழுதும்) கட்டத்தில் பில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் விடுபட்டிருந்தால், தொகை, அனுப்பிய தேதி, பில் எண் மூன்றையும் இரண்டு வரியில் மின்னஞ்சலாக எழுதி அனுப்புங்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எங்களால் பணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. நினைவூட்டல் கட்டணம் என்று சில யூரோ சேர்த்திருந்தால், கெடுவுக்கு முன் கட்டியவர் அதைத் தர வேண்டியதில்லை. உங்கள் பில்லில் கெடு எந்தத் தேதி?