ஸ்கூட்டர்ல போன் ஹோல்டரும் சார்ஜிங் போர்ட்டும் போட்டவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

வேளச்சேரி வண்டிக்காரன்

வணக்கம் மக்களே. என்கிட்ட இருக்குறது ஆக்டிவா 6ஜி, தினமும் வேளச்சேரிலேர்ந்து சிறுசேரி. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் போறவங்களுக்கு தெரியும், மெட்ரோ வேலை நடக்குறதால நேத்து இருந்த யூ-டர்ன் இன்னிக்கு இருக்காது, மேப் இல்லாம போனா எங்கயோ கொண்டு போய் விட்ரும். பாக்கெட்ல போன வச்சுட்டு சிக்னல் சிக்னலா எடுத்து எடுத்து பாக்குறது வெறுத்து போய் ஹோல்டர் + யூஎஸ்பி போடலாம்னு வண்டி சாமான் கடைங்க இருக்குற ஜி.பி. ரோடு போனேன்.

மொத கடைல தம்பி ரொம்ப ஸ்பீடு. நான் வண்டிய ஸ்டாண்ட் போடுறதுக்குள்ள ஸ்க்ரூ டிரைவரோட நிக்கிறான். "சாவி ஆன் பண்ணா மட்டும் கரண்ட் வர்ற மாதிரி குடுங்க"ன்னேன். "சார் பேட்டரிலேர்ந்து டைரக்டா குடுத்துருவோம், அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம்"ன்னான். ஃபியூஸ் எங்கப்பான்னு கேட்டதுக்கு சார்ஜருக்குள்ளயே இருக்கு சார்னு சொல்லிட்டு அடுத்த கஸ்டமர பாக்க போயிட்டான். நான் மெதுவா வண்டிய தள்ளிக்கிட்டு பக்கத்து கடைக்கு போயிட்டேன். அங்க ஒரு பெரியவர், பேச்சு கம்மி, மொதல்ல கைல எடுத்ததே டெஸ்ட் லைட்தான், ஒயர்ல கரண்ட் இருந்தா எரியுற சின்ன லைட். முன்னாடி பாடிய கழட்டி சாவிய ஆன் ஆஃப் பண்ணி பண்ணி ஒவ்வொரு ஒயரா குத்தி பாத்துட்டு, நடுவுல ஒரு சின்ன ஃபியூஸ் கூடு வச்சு, ஜாயிண்ட்ட சால்டர் பண்ணி ஹீட் ஸ்லீவ் போட்டு குடுத்தாரு. நேரம் கொஞ்சம் ஜாஸ்தி ஆச்சு, ஆனா வேலை சுத்தம்.

நீங்கல்லாம் எங்க போட்டீங்க, எப்படி போட்டீங்க, மழைல என்ன ஆச்சு, எல்லாத்தையும் சொல்லுங்க. புதுசா போடப் போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

கோவை ஒயர்மேன்

தம்பி ரெண்டாவது கடைக்கு போனது ரொம்ப நல்லது. இந்த டைரக்ட் பேட்டரி கதைய கொஞ்சம் கணக்கு போட்டு சொல்றேன், ஏன்னா என்கிட்ட வர்ற வண்டில பாதி இந்த கேஸ்தான்.

உங்க வண்டில இருக்குறது 12 வோல்ட் 3 ஏஹெச் பேட்டரி. கார் பேட்டரி மாதிரி நெனச்சுக்க கூடாது, கைக்குள்ள அடங்குற சைஸ். இப்ப கடைல விக்கிற சார்ஜர்ல எல்லாம் வோல்ட்மீட்டர்னு ஒரு செவப்பு டிஸ்ப்ளே வருது பாருங்க, அழகா இருக்கும், பேட்டரிலேர்ந்து டைரக்டா குடுத்தா சாவிய எடுத்தாலும், போன் சொருகலேன்னாலும் அது 15, 20 மில்லி ஆம்ப் இழுத்துக்கிட்டே இருக்கும். 3 ஏஹெச்னா 3000 மில்லி ஆம்ப் ஹவர். 20ஆல வகுத்தா 150 மணி நேரம், அதாவது ஆறு நாள்ல பேட்டரி காலி. அதுவும் புது பேட்டரிக்கு இந்த கணக்கு. ரெண்டு வருஷம் ஓடுன பேட்டரின்னா பொங்கலுக்கு ஊருக்கு போயிட்டு வந்து செல்ஃப் அடிச்சா டிக் டிக்னுதான் வரும். அப்புறம் கம்பெனிகாரன் குடுத்த பேட்டரி சரியில்லன்னு பேட்டரிய திட்டுவாங்க.

ஓடும்போது பிரச்னை இல்ல. சாதா சார்ஜர் 5 வோல்ட் 2 ஆம்ப், 10 வாட். லாஸ் எல்லாம் சேத்து வண்டிலேர்ந்து ஏறக்குறைய 1 ஆம்ப் இழுக்கும். ஃபாஸ்ட் சார்ஜர் 18 வாட்னா ஒண்ணே முக்கால் ஆம்ப் வரைக்கும் போகும். இஞ்சின் ஓடுறப்ப 13.5லேர்ந்து 14.5 வோல்ட் வரைக்கும் சார்ஜிங் வருது, தாங்கிரும். ஆனா 2017 ஏப்ரல்லேர்ந்து வந்த வண்டில ஹெட்லைட் பகல்லயும் எரிஞ்சுக்கிட்டே இருக்குல்ல, அதுவும் சேந்து இழுக்குது. அதனால 2 ஆம்ப் இல்ல 3 ஆம்ப் ஃபியூஸ் போட்டு ஒரே ஒரு போன் சார்ஜர், அதோட நிறுத்திக்கணும். அதுலயே ஃபாக் லைட், ஹாரன்னு ஏத்திக்கிட்டு போனீங்கன்னா என்கிட்ட தான் வரணும் :)

இன்னொன்னு, ஒயர் கலர். இங்கதான் நெறய பேர் கோட்ட விடுறாங்க. ஹோண்டால பச்சை தான் எர்த் (மைனஸ்), கறுப்பு சாவி போட்டா வர்ற பிளஸ், செவப்பு நேரா பேட்டரி. யமஹால கறுப்பு எர்த், பிரவுன் சாவி பிளஸ். சுசுகில கறுப்புல வெள்ள கோடு போட்டது எர்த், ஆரஞ்சு சாவி பிளஸ். வீட்டு ஒயரிங், கார் ஸ்டீரியோன்னு பழகுனவங்க கறுப்புன்னா மைனஸ்னு கண்ண மூடிக்கிட்டு ஹோண்டால கறுப்புல எர்த்த குடுத்துருவாங்க. ஒரு ஆள் வண்டி அப்படி வந்துச்சு, சாவி ஆன் பண்ணா சார்ஜர் செத்து போகும், ஆஃப் பண்ணா லேசா மினுக்கும். பேய் புடிச்ச மாதிரி இருக்குண்ணேன்னு பயந்து போய் வந்தாரு.

மதுரை டியோ

அண்ணா உங்க பேய் கதைக்கு என் கதை சளைச்சது இல்ல. என்னோடது டியோ. தெரிஞ்ச ஒரு கடைல குடுத்தேன், நான் பக்கத்துல காய்கறி வாங்கிட்டு வர்றதுக்குள்ள வேலைய முடிச்சு வச்சிருந்தாங்க. வீட்டுக்கு போற வழியில போன சொருகுனா சார்ஜ் ஏறல. சிம்மக்கல் பக்கம் ஒரு ஆட்டோ குறுக்க வந்துச்சுன்னு ஹாரன் அடிச்சேன், டொய்ங்னு சார்ஜிங் சத்தம். கைய எடுத்தா நின்னு போச்சு. திரும்ப அடிச்சேன், திரும்ப டொய்ங். எனக்கு சிரிப்பு தாங்கல. ஹாரன் அடிச்சா தான் சார்ஜ் ஏறும்!! போன் ஃபுல்லா ஏத்தணும்னா மதுரை முழுக்க ஹாரன் அடிச்சுக்கிட்டு சுத்தணும் போல.

திரும்ப போய் கேட்டா "அக்கா எல்லா வண்டிக்கும் ஹாரன் ஒயர்லதான் எடுப்போம்"ங்கிறாரு.

கோவை ஒயர்மேன்

ஹாஹா. அது ஏன்னு சொல்றேன்மா. சில வண்டில ஹாரனுக்கு சாவி போட்டதுமே பிளஸ் வந்து நிக்கும், சுவிட்ச்ச அமுக்குனா எர்த் கெடைக்கும். யமஹா அப்படி. அதுல ஹாரன் ஒயர்ல எடுத்தா ஜோரா வேலை செய்யும். ஹோண்டால ஒரு பக்கம் எப்பவும் எர்த், அமுக்குனா தான் பிளஸ்ஸே வரும். அவரு யமஹால கத்துக்கிட்ட வித்தைய டியோல காட்டிருக்காரு. அதுக்குத்தான் டெஸ்ட் லைட்டுன்னு ஒண்ணு இருக்கு.

மதுரை டியோ

இப்பதான் புரியுது. வேற ஒருத்தர்கிட்ட சரி பண்ணிட்டேன் அண்ணா. ஹோல்டர் பத்தியும் சொல்லிடுறேன், ஸ்கூட்டர்ல பைக் மாதிரி ஹேண்டில் பைப் வெளிய தெரியாது, எல்லாம் பிளாஸ்டிக் மூடிருக்கும், அதனால கண்ணாடி தண்டுல மாட்டுற மாடல் தான் வாங்கணும். ஆன்லைன்ல பைக் மாடல வாங்கிட்டு வந்து முழிக்காதீங்க. கண்ணாடி தண்டுல மாட்டுனா ஒரு தொல்லை, போன் வெயிட்டுக்கு கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமா சுத்திக்கும், ஸ்பீட் பிரேக்கர் தாண்டுனா பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு பதிலா வானம் தெரியும். அடி நட்ட நல்லா டைட் வைக்க சொல்லுங்க. நான் இடது கண்ணாடில போட்டிருக்கேன், வலது பக்கம் ஆக்சிலேட்டர் கை இருக்குறதால கேபிள் இழுபடும்.

டெலிவரி தம்பி, வடபழனி

நான் சாப்பாடு டெலிவரி பண்றேன் அண்ணா, காலைலேர்ந்து நைட்டு வரைக்கும் ஸ்க்ரீன் ஆஃப் ஆகவே ஆகாது, மேப், ஆப், கஸ்டமர் கால், எல்லாம் ஒரே போன்ல. எங்க பசங்க பாதி பேர் யூஎஸ்பி போட்டு கழட்டிட்டாங்க. ஏன்னா சார்ஜர் கெட்டு போகல, கேபிள் ஆட்டத்துல போன் போர்ட் தான் கெட்டு போகுது. ஆடி ஆடி போன் சொருகுற வாய் லூஸ் ஆயிடும், அப்புறம் வீட்டுல சார்ஜ் போட்டாலும் நிக்காது. போன் சர்வீஸ்ல அந்த போர்ட்ட மாத்துற காசு ஹோல்டர் விலைய விட ஜாஸ்தி. எல் ஷேப்ல வளைஞ்ச கேபிள் வாங்கி, ஹோல்டர் கால்ல ஒரு டேக் (ஒயர் கட்டுற பிளாஸ்டிக் பட்டை) போட்டு கட்டிருங்க, ஆட்டம் போர்ட்டுக்கு போகாது.

வெயில் தான் பெரிய வில்லன். கத்திரி வெயில்ல மதியம் அண்ணா சாலைல நின்னா போன் அடுப்புல வச்ச கல்லு மாதிரி ஆயிடும். பிரைட்னஸ் தானா கொறஞ்சு மேப்பே தெரியாது, சார்ஜிங்கும் தானா நின்னுரும். அந்த ஜிப் வச்ச தண்ணி போகாத பை ஹோல்டர் இருக்குல்ல, அத வெயில்ல யூஸ் பண்ணவே பண்ணாதீங்க, காத்து போகாம உள்ளயே வேகும். அது ஐப்பசி கார்த்திகைக்கு மட்டும் தான். நான் இப்ப மே மாசம் ஃபாஸ்ட் சார்ஜ ஆஃப் பண்ணி வச்சுட்டு சாதா ஸ்பீடுல தான் ஏத்துறேன், சூடு கொஞ்சம் பரவால்ல.

பவர் பேங்க் வச்சிருக்கவங்களுக்கு: 10000ன்னு போட்டிருந்தாலும் போனுக்கு போய் சேருறது 6000 சொச்சம் தான், உள்ள இருக்குற செல் 3.7 வோல்ட், அத 5க்கு ஏத்துறதுல போயிடும். இருந்தாலும் முன்னாடி பாக்கெட்ல போட்டுக்கிட்டா ஒயர வெட்டுற வேலை இல்ல, வாரண்டி பிரச்னை இல்ல. ஆபீஸ் போய்ட்டு வர்றவங்களுக்கு அதுவே போதும்னு நான் சொல்வேன்.

திருச்சி ராக்ஃபோர்ட்

தம்பி சொன்ன வாரண்டி மேட்டர் முக்கியம். என் ஃப்ரெண்டு புது வண்டில வெளிய ஒயர் வெட்டிட்டு, அப்புறம் மீட்டர் போச்சுன்னு ஷோரூம் போனான். அங்க இன்சுலேஷன் டேப்ப பாத்ததும் முகத்த திருப்பிக்கிட்டாங்க. அதுக்கும் மீட்டர் போனதுக்கும் சம்பந்தமே இல்லன்னு இவன் கத்துறான், அவங்க கேக்கணுமே. வாரண்டி முடியற வரைக்கும் ஒயர வெட்டாத மாதிரி கப்ளர்லயே (ஒயர்கள சேக்குற பிளக்) சொருகுற கிட் வாங்கிக்கோங்க, இல்லனா ஷோரூம் ஆக்சசரில அவங்க கையாலயே போட்டு பில் வாங்கிக்கோங்க.

எனக்கு ஒரு டவுட்டு, ஐபோன் வச்சிருக்கவங்க யாராச்சும் ஹோல்டர்ல மாட்டுறீங்களா? கேமரா போயிரும்ங்கிறாங்களே?

பல்லாவரம் 125

மாட்டுறேன் ப்ரோ. அது வதந்தி இல்ல, ஆப்பிளே 2021 செப்டம்பர்ல சொன்னது. கேமராக்குள்ள லென்ஸ் ஆடாம புடிக்கிற ஓஐஎஸ்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, பெரிய பைக் இஞ்சின் அதிர்வு ரொம்ப நாள் பட்டா அது கெட்டு போகலாம், போட்டோ தெளிவு கொறயும்னு. அதே இடத்துல ஸ்கூட்டர், மொபெட்ல அதிர்வு கொறச்சல் தான், ஆனா அதிர்வு தாங்குற மவுண்ட் போட்டுக்கோங்கன்னும் சொல்லிருக்காங்க. ஐபோன் மட்டும் இல்ல, ஓஐஎஸ் இருக்குற எந்த போனுக்கும் அதே தான். நான் அதிர்வ வாங்கிக்கிற ரப்பர் டேம்பர் வச்ச மாடல் வாங்கினேன், சும்மா மவுண்ட்ட விட விலை ஜாஸ்தி. எங்க ரோடு இருக்குற லட்சணத்துக்கு இஞ்சின் அதிர்வ விட பள்ளம் தான் பயம்.

பழைய போன் ஒண்ணு வீட்டுல சும்மா கெடந்தா அத மேப்புக்குன்னு ஹோல்டர்ல போட்டு, நல்ல போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட் குடுங்க. எங்க அப்பா அப்படித்தான் பண்றாரு. சிக்னல்ல எவனாவது பிச்சிக்கிட்டு போனாலும் வயிறு எரியாது.

சேலம் ஸ்டீல்

நடுவுல ஒரு கேள்வி. ஹோல்டர்ல போன் இருந்தா போலீஸ் புடிப்பாங்களா? எங்க ஏரியால ஒருத்தர நிறுத்துனாங்கன்னு கேள்விப்பட்டேன்.

பல்லாவரம் 125

வழி பாக்குறதுக்கு மட்டும்னா சட்டப்படி ஓகே ப்ரோ. 2020 அக்டோபர் 1லேர்ந்து மத்திய மோட்டார் வாகன விதில மாத்துனாங்க, ஓட்டுறவர் கவனம் சிதறாத மாதிரி நேவிகேஷனுக்கு மட்டும் யூஸ் பண்ணலாம்னு. கைல புடிச்சு பேசுனா, மெசேஜ் பாத்தா மோட்டார் வாகன சட்டம் 184ஆவது பிரிவு, சட்டத்துல 1000லேர்ந்து 5000 வரைக்கும் அபராதம். ஹோல்டர் இருக்குங்கிறதுக்காக ஓடுற வண்டில ரீல்ஸ் பாக்குற ஆளுங்களயும் நான் பாத்திருக்கேன், அவங்கள புடிச்சா சந்தோஷம் தான். என்னய ஒரு தடவ கத்திப்பாரா கிட்ட நிறுத்துனாங்க, மேப் தான் ஓடுதுன்னு பாத்துட்டு லைசென்ஸ் மட்டும் பாத்து அனுப்பிட்டாரு.

ஓசூர் கரண்ட் வண்டி

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வச்சிருக்கவங்க ஒரு நிமிஷம். பெட்ரோல் வண்டி மாதிரி பேட்டரில தொட்டு ஒயர் எடுக்கலாம்னு எந்த மெக்கானிக் சொன்னாலும் விடாதீங்க. பெரிய பேட்டரி 48, 50 வோல்ட்டுக்கு மேல, 12 வோல்ட் சார்ஜர அதுல குடுத்தா அந்த நிமிஷமே பொக. லைட்டு, ஹாரனுக்கு தனியா ஒரு கன்வெர்ட்டர் 12 வோல்ட்டா எறக்கி குடுக்குது, அதுவும் அளவா தான் குடுக்கும். பல மாடல்ல கம்பெனியே யூஎஸ்பி குடுத்துருக்கான், மேப்பும் மீட்டர்லயே வருது. இல்லாத மாடல்னா சர்வீஸ் சென்டர்லயே கேளுங்க. நம்ம ஊர்ல வண்டி தயாராகுதுங்கிறதுக்காக டீக்கடைல எல்லாம் ஈவி எக்ஸ்பர்ட் ஆயிட்டாங்க, அதான் சொல்றேன்.

சேலம் ஸ்டீல்

எங்க அம்மாவோட பழைய ஸ்கூட்டி இருக்கு, ஹெட்லைட் ஆக்சிலேட்டர் முறுக்குனா தான் பிரைட்டா எரியும். அதுல போடலாமா ஒயர்மேன் அண்ணே?

கோவை ஒயர்மேன்

அது ஏசி கரண்ட்ல எரியுற ஹெட்லைட்டு தம்பி, இஞ்சின்ல கரண்ட் உண்டாக்குற மேக்னட்லேர்ந்து நேரா போகுது, அந்த ஒயர்ல மட்டும் சார்ஜர குடுத்துறாதீங்க, வோல்ட் ஏறி எறங்கும், டிசியும் இல்ல. பேட்டரி பக்கம் சாவி போட்டா வர்ற லைன்ல, இண்டிகேட்டருக்கு போறதுக்கு முன்னாடி எடுத்தா வேலை செய்யும். ஆனா அந்த வண்டில பேட்டரிக்கு சார்ஜிங்கே கம்மி, பக்கத்து தெருவுக்கு போயிட்டு போயிட்டு வந்தா போன் ஏறும், பேட்டரி எறங்கும். அம்மா ஓட்டுறதுன்னா டெலிவரி தம்பி சொன்ன பவர் பேங்க் தான் சரி.

போடுறவங்க காசு குடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஹேண்டில இந்த கடைசிலேர்ந்து அந்த கடைசி வரைக்கும் முழுசா திருப்பி பாருங்க, ஒயர் எங்கயும் இழுக்கவோ நசுங்கவோ கூடாது. சார்ஜருக்கு வர்ற ஒயர் கொஞ்சம் கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறணும், மழை தண்ணி அந்த வளைவுலயே சொட்டிரும், சாக்கெட்டுக்குள்ள போகாது. மூடி இருக்குற சாக்கெட்டா வாங்குங்க, மூடி வாயி கீழ பாத்து இருக்கணும். அப்புறம் சாவிய எடுத்துட்டு சார்ஜர் லைட் அணையுதான்னு அங்கயே நின்னு பாத்துட்டு கெளம்புங்க.

வேளச்சேரி வண்டிக்காரன்

இப்பதான் கீழ போய் பாத்துட்டு வந்தேன் அண்ணா, லைட் அணையுது, ஹேண்டிலும் ஃப்ரீயா திரும்புது. ஒயர் வளைவு மட்டும் இல்ல, நேரா மேலேர்ந்து வருது. ஒரு டேக் போட்டு நானே எறக்கி விட்டுரலாமா, இல்ல திரும்ப பாடிய கழட்டணுமா?

கோவை ஒயர்மேன்

கழட்ட வேணாம். ஒயர் கொஞ்சம் லூஸ் விட்டிருந்தா வெளியேர்ந்தே இழுத்து டேக் போடுங்க. இழுக்க வரலன்னா பலமா இழுக்காதீங்க, பெரியவர்கிட்டயே போங்க.