அந்த 80 விழுக்காட்டை எங்கிருந்து எடுத்தீர்கள்?

தராசு:
வேறோர் இழையில் நுண்மதி எழுதியதைப் படித்துவிட்டு வாளாவிருக்க மனம் வரவில்லை. இளங்கலை உளவியல் மாணவர்களில் 80 விழுக்காட்டினர் புள்ளியியலுக்கு அஞ்சுகிறார்கள் என்றும், கணக்குக்குப் பயந்தவர்களே இத்துறைக்கு வருவதுதான் காரணம் என்றும் அடித்துச் சொல்கிறார். இந்த எண்ணுக்கு மூலமான ஆய்வுக் கட்டுரையில் 2003இல் ஒன்வுக்புசியும் வில்சனும் எழுதியது பட்டமேற்படிப்பு மாணவர்களைப் பற்றி. அதுவும் ‘80 விழுக்காடு வரை’ என்றுதான். அந்த ‘வரை’யை விழுங்கிவிட்டு இளங்கலை மாணவர் தலையில் அந்த விழுக்காட்டைக் கட்டுவது முறையல்ல.

நுண்மதி:
‘வரை’ இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? பதினோரு ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்துகிறேன். தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் திட்ட விலக்கத்தின் சூத்திரத்தைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் பாதி வகுப்பு பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது. எனக்கு 80 குறைவாகவே படுகிறது.

தராசு:
பாதி என்று நீங்களே சொல்கிறீர்கள். பாதி எப்படி 80 ஆகும்? 1985இல் கிரூஸ், கேஷ், போல்டன் மூவரும் புள்ளியியல் பதற்றத்தை அளக்க உருவாக்கிய ஸ்டார்ஸ் அளவுகோலில் 51 கூற்றுகள் ஆறு கூறுகளாகப் பிரிகின்றன. தன் கணக்கிடும் திறனைப் பற்றிய எண்ணம் அவற்றுள் ஒன்று மட்டுமே. உதவி கேட்க அஞ்சுவது தனிக்கூறு, ஆசிரியருக்கு அஞ்சுவது தனிக்கூறு. மாணவனாக இருந்தபோது, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் தந்த அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு ஆசிரியரின் அறை வாசலில் இருபது நிமிடம் நின்றுவிட்டுக் கதவைத் தட்டாமலே திரும்பியிருக்கிறேன். கணக்கையெல்லாம் கணினியே போட்டுவிட்டது. ‘வேறுபாடோ தொடர்போ இல்லை’ என்னும் இன்மைக் கருதுகோளை நிராகரிக்க இயலவில்லை என்றால் அது உண்மை என்று ஆகிவிடுமா என்று கேட்கத்தான் நா எழவில்லை. இதைக் கணக்குப் பயம் என்பீர்களா?

ஆய்வுமாணவி:
அந்த அளவுகோலில் எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் பதற்றம் என்று கொள்கிறீர்கள்? அந்த எல்லைக்கோட்டை முதலில் சொல்லிவிட்டால் 80 சரியா தவறா என்று பேசலாம்.

நுண்மதி:
ஆசிரியர்மேல் பழி போடுவது தராசுக்குப் பழகிய வழி. விடைத்தாள் திருத்தம் பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தார். பல அளவீடுகளுக்குப் பின்னால் உள்ள பொதுக் காரணிகளைக் கண்டறியும் காரணிப் பகுப்பாய்வு என்ற புள்ளியியல் முறைக்கு 1904இல் வழி திறந்த ஸ்பியர்மன் ஓர் உளவியலாளர். அவர் எந்த வாசலிலும் தயங்கி நிற்கவில்லை.

தராசு:
ஸ்பியர்மன் படைத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு உளவியலுக்கு வந்தவர். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு மாணவரை அவரோடு நிறுத்திப் பார்ப்பது நியாயமன்று. விடைத்தாள் விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கும் உங்களிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

நுண்மதி:
அதற்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன்; நீங்கள் படிக்கவில்லை. வகுப்பில் நான் கண்ணால் காண்பது எந்த ஆய்வுக்கும் குறைந்ததல்ல.

தராசு:
கண்ணால் கண்டதை விழுக்காடாக எழுதாதீர்கள் என்பதே என் வாதம். மூலத்தில் இருப்பது ‘80 வரை’. உங்கள் பதிவில் அந்த ‘வரை’ இன்னும் சேர்க்கப்படவில்லை.