வெறும் கூடையில் மைனஸ் வெங்காயம்

*ரங்கூன் கடைக்காரர்:*
பர்மியர் பெய்த்தா என்பதை நம்மாட்கள் இன்னும் வீசை என்றுதான் சொல்கிறோம். ஒரு வீசை 1.633 கிலோ. போன மாதம் பயின்நௌங் சந்தையிலிருந்து மூங்கில் கூடையில் மிஞ்சான் ஊர் வெங்காயம் வந்தது. தராசு கிலோவில் காட்டும், கணக்குப் புத்தகமோ வீசையில். பள்ளி விடுமுறைக்குக் கடையில் நிற்கும் மருமகன் காகிதத்தில் அழகாக எழுதினான்:

எடை = 1.633 × வீசை + கூடை

அதுவரை சரி. அதை வீசைக்காகத் திருப்பும்போதுதான் சறுக்கினான். கூடையோடு 52 கிலோ, கூடை மட்டும் 3 கிலோ. 52-ஐ 1.633 ஆல் வகுத்துவிட்டு அதிலிருந்து 3 கழித்தான். 28.84 வீசை என்றான். கொண்டுவந்தவர் முகம் சுண்டிவிட்டது, அவர் 30 வீசை நிறுத்து ஏற்றியவர்.

"கூடையை முதலில் இறக்குடா, அப்புறம் வகு" என்றேன். 49-ஐ வகுத்தால் 30.

"என் கணக்கில் என்ன தப்பு மாமா?" என்று விடவில்லை. வெறும் கூடையைத் தராசில் வைத்து, 3 கிலோவை அவன் வாய்ப்பாட்டிலேயே போடச் சொன்னேன். மைனஸ் 1.16 வீசை வந்தது! வெங்காயமே இல்லாத கூடையில் நமக்கு வெங்காயக் கடன். பையன் சிரித்துவிட்டான், கொண்டுவந்தவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

*மோல்மீன் பேத்தி:*
எனக்கும் இந்த வீசையால் ஒரு கூத்து. ஆச்சியின் மாங்காய் ஊறுகாய்க் குறிப்பில் "மாங்காய் 7 வீசை" என்றிருந்தது. இங்குள்ள வீசையென்று வாங்கிப் போட்டேன். அவர் எழுதிய உப்பு போதவில்லை, பாதி ஜாடி பூஞ்சை பிடித்தது. ஆச்சி சொன்னது ஊர் வீசை, அதாவது தமிழ்நாட்டு வீசை: 40 பலம், ஏறக்குறைய 1.4 கிலோ. அப்புறம்தான் உட்கார்ந்து எழுதினேன்: 1.633 × பர்மா = 1.4 × ஊர். பர்மாவைத் தனியே நிறுத்தினால் ஊர் வீசையில் ஏழில் ஆறு பங்கு. 6 வீசை வாங்கியிருந்தால் போதும்.

கடைக்கார அண்ணே, உங்கள் மருமகன் முதலில் வகுத்ததில் தப்பில்லை. கூடையின் 3 கிலோவையும் 1.633 ஆல் வகுத்துக் கழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 31.84-இல் 1.84 போனால் அதே 30.

*ரங்கூன் கடைக்காரர்:*
அதைச் சொன்னேன்மா. இப்போது ஒவ்வொரு கூடையின் விளிம்பிலும் அதன் வீசையைச் சுண்ணாம்பில் எழுதி வைத்திருக்கிறான்.