அரக்குச் சேலை லேப்டாப்பில் மங்கல், போனில் குங்குமம்: எதை நம்புறது?

சுங்குடிக்காரி:
வில்லாபுரத்தில் வீட்டில் இருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். அரக்குச் சேலையை போட்டோ எடுத்து லேப்டாப்பில் திறந்தா செங்கல் பொடி மாதிரித் தெரியுது. சேலையைப் பக்கத்தில் விரிச்சுப் போட்டு, ஒத்துவர்ற வரைக்கும் சாச்சுரேஷனை (நிற அழுத்தத்தை) ஏத்தி அனுப்புனேன். வாங்குனவங்க, "போன்ல குங்குமச் சிவப்பு, வந்தது வேற"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இதோட மூணு சேலை. திரை நிறத்தை அளந்து திருத்துற கேலிபரேஷன் கருவி வாங்கினா சரியாகுமா? விலையைப் பார்த்தா பயமா இருக்கு.

மொட்டைமாடி:
திரையை மஞ்சளாக்குற நைட் லைட் ஆன்ல இருக்கா? லேப்டாப் விவரத்தில் திரைக்கு என்ன போட்டிருக்கு?

சுங்குடிக்காரி:
நைட் லைட் இல்லை. "45 சதவீதம் என்டிஎஸ்சி"ன்னு இருக்கு.

ஆஃப்செட்மதுரை:
கருவி வாங்கிறாதீங்க தங்கச்சி. கோளாறு அந்த 45லதான். என்டிஎஸ்சிங்கிறது பழைய டிவி காலத்து நிறப் பரப்பு; திரை எவ்வளவு நிறம் காட்டும்னு அதோட ஒப்பிட்டுச் சொல்றாங்க. இணையத்துப் படங்களுக்குப் பொதுவான நிறப் பரப்பு எஸ்ஆர்ஜிபி, 1996ல ஹெச்பியும் மைக்ரோசாப்டும் கொண்டுவந்தது. அதோட பரப்பே என்டிஎஸ்சியில் 72 சதவீதம். அப்போ உங்க திரை எஸ்ஆர்ஜிபியில் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலதான் காட்டும். அழுத்தமான சிவப்பு அதுக்கு எட்டாது. தொட்டியில் இல்லாத சாயம் துணியில் ஏறுமா? கருவி இருக்கிற சாயத்தைப் பக்குவப்படுத்தும், அவ்வளவுதான். பரப்பு வேற, துல்லியம் வேற.

திரையில் இல்லாத சிவப்பை நீங்க ஃபைல்ல ஏத்திட்டீங்க. நிறையப் போன்களில் இப்போ டிசிஐ-பி3ங்கிற நிறப் பரப்புள்ள திரை; எஸ்ஆர்ஜிபியை விட 25 சதவீதம் போல பெருசு. அதிலும் போன் திரை அமைப்பில் நிறத்தைத் தூக்கிக் காட்டுற 'விவிட்' போட்டிருந்தா சிவப்பு இன்னும் எகிறும். நான் அச்சுக்கு வர்ற கல்யாணப் பத்திரிகையில் தினம் பார்க்கிற சங்கடம் இது.

போன்ல 'நேச்சுரல்' வச்சு, திருத்தாத படத்தைச் சேலை பக்கத்தில் பிடிச்சுப் பாருங்க. படத்தை எஸ்ஆர்ஜிபியாவே சேமிங்க. காசு சேர்ந்ததும் எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம், டெல்டா இ (நிறம் எவ்வளவு பிசகுதுங்கிற அளவு) 2க்குக் கீழன்னு போட்ட ஐபிஎஸ் வகை மானிட்டர் வாங்குங்க. அந்த அளவுக்குள்ள இருந்தா வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்குத் தெரியறது கஷ்டம்.

சுங்குடிக்காரி:
பார்த்துட்டேன்ணே. திருத்தாத படத்தில் அரக்கு அப்படியே இருக்கு! கத்தரிப்பூ நிறம் மட்டும் நீலமா அடிக்குது.

ஆஃப்செட்மதுரை:
அதை எங்க வச்சு எடுத்தீங்க?

சுங்குடிக்காரி:
ராத்திரி, ட்யூப்லைட்டில். மத்ததெல்லாம் காலையில் வாசல்ல.

ஆஃப்செட்மதுரை:
அதையும் காலையில் வாசல் நிழல்ல எடுங்க. ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாள் வச்சு, ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாத் தெரிய வைக்கிற கேமரா அமைப்பை) அதில் பிடிங்க.