ராணி மேரி பொம்மை வீடு மாதிரி 1:12-இல் ஓர் அறை: பலகை, விளக்கு, தண்ணீர்?

கேள்வி: விண்ட்சர் கோட்டையில் இருக்கும் ராணி மேரியின் பொம்மை வீட்டில் (கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைப்பு, 1924) விளக்கும் எரியும், குழாயில் தண்ணீரும் வரும். அதுபோல ஒரு குளியலறை மட்டும் செய்ய வேண்டும். பலகை எத்தனை மி.மீ.? விளக்குக்கு என்ன போடலாம்?

பதில் 1: 1:12 என்றால் அடியை அங்குலமாக்கினால் போதும், 10 அடிச் சுவர் 10 அங்குலம். 6 மி.மீ. பிளைவுட் எடுங்கள். சுவர்க்காகிதத்தை ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது இழுத்துப் பலகை வளையும். பின்பக்கமும் ஏதாவது காகிதம் ஒட்டிவிடுங்கள். ஒயர் போகும் பள்ளத்தை முதலிலேயே வெட்டுங்கள், அப்புறம் நினைத்தால் சுவரைப் பிரிக்க வேண்டியதுதான்.

பதில் 2: 12 வோல்ட் அடாப்டர், வார்ம் ஒயிட் எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 1 கிலோ ஓம் (1000 ஓம்) ரெசிஸ்டர் (மின்தடை). எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் சுமார் 3 வோல்ட்டைக் கழித்தால் (12−3)÷1000, அதாவது சுமார் 9 மில்லி ஆம்பியர், இதமான வெளிச்சம். எல்லாவற்றையும் பக்க இணைப்பில் ஒரே ரெசிஸ்டரில் கோத்தால் ஒன்று பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் எரியும்.

பதில் 3: நிஜத் தண்ணீர் வேண்டாங்க. ஒரு கசிவு போதும், பிளைவுட் உப்பிவிடும். தொட்டியில் தெளிந்த யூவி ரெசினை (புற ஊதா ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசின்) 1 மி.மீ. அடுக்குகளாக ஊற்றி, ஒவ்வொன்றையும் யூவி விளக்கொளியில் காட்டி இறுக்குங்கள். மொத்தமாக ஊற்றினால் அடியில் பிசுபிசுக்கும்.