கலைச்சொல்: தன்னாட்சி ஆயுதமா, தானியங்கி ஆயுதமா? என் பரிந்துரை "தானெய் பொறி"

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஏவிவிட்ட பின் மனிதர் தலையிடாமல் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதத்துக்கு (ஆங்கிலத்தில் autonomous weapon) தமிழ்ச் சொல் தேடிப் போன வாரம் தொடங்கிய இழையில் இரண்டு சொற்கள் முன்னால் நிற்கின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> "தானியங்கி ஆயுதம்" என்றே வைக்கலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். தானியங்கித் துப்பாக்கி என்று நாளிதழ்கள் வெகுகாலமாக எழுதி வருவது, விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுகிற துப்பாக்கியை. யாரைச் சுடுவது என்பதை விசையில் விரல் வைத்தவர்தான் முடிவு செய்கிறார். நாம் பெயர் தேடும் கருவி அப்படிப்பட்டதல்ல. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு தரும் விளக்கத்தின் சாரம் இது: ஒருவர் கருவியை இயக்கிவிடுகிறார். அதன்பின் அது தன் உணரிகளால் சுற்றுப்புறத்தைப் பார்க்கிறது, முன்பே ஏற்றிவைத்த ஒரு பொதுவான இலக்குச் சாயலோடு ஒப்பிடுகிறது, பொருந்தினால் தாக்குகிறது. தாக்கப்படப்போவது எந்த ஆள், எந்த வண்டி, எந்த நிமிடத்தில் என்பது இயக்கிவிட்டவருக்கே தெரியாது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். கிரேனில் லிமிட் சுவிட்ச் இருக்கும். கொக்கி அளவுக்கு மேல் ஏறினால் மோட்டாரைத் தானே நிறுத்திவிடும். அதைத் தானியங்கி என்றால் சரி. ஆனால் சரக்கை எந்தக் கப்பலிலிருந்து எடுத்து யார் தலைக்கு மேலே கொண்டுபோவது என்று அது முடிவு செய்யாது.

> அப்படியானால் "தன்னாட்சி ஆயுதம்" பொருத்தம். ஆங்கிலச் சொல்லுக்கு நேரான சொல்.

அகராதிப்படி நேர்தான். எனக்கு மறுப்பு இருப்பது இங்கேதான். ஆட்சி நம்மிடையே மரியாதையுள்ள சொல். தன்னாட்சிக் கல்லூரி என்கிறோம், மாநிலத் தன்னாட்சி கேட்கிறோம். தன்னாட்சி பெற்றவர் தன் செயலுக்குத் தானே பதில் சொல்வார் என்ற பொருளும் அதனோடு சேர்ந்தே வருகிறது. ஒரு டிரோனுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால், ஏவியவர் பின்னால் போய் ஒளிந்துகொள்ள நாமே இடம் செய்து தருகிறோம். "தன்னாட்சி ஆயுதம் முடிவெடுத்தது" என்று நாளைக்கே ஒரு தலைப்புச் செய்தி வரும். படிப்பவர் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்.

இதை உலக அரசுகளும் ஒப்பவில்லை. சில மரபு ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் 1980 உடன்படிக்கையின் கீழ் ஜெனீவாவில் கூடும் அரசுகள் 2019-இல் பதினொரு வழிகாட்டு நெறிகளை ஏற்றன. ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவுக்கான பொறுப்பு மனிதரிடமே இருக்க வேண்டும், அதை எந்திரத்துக்குக் கைமாற்ற முடியாது என்பது அவற்றில் ஒன்று. மாற்றவே முடியாத பொறுப்பைப் பெயரில் மட்டும் மாற்றிக் கொடுப்பானேன்?

காசிமேட்டில் மீன் ஏலத்தில் தகராறு வந்தால், கூடையை வீசியவரை விட்டுவிட்டுக் கூடை சுமந்த பையனைத் திட்டுவார்கள். உடனே பக்கத்தில் ஒரு அம்மா, "எய்தவன் இருக்க அம்பை ஏன் நோகுற?" என்பார். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நமக்கு வேண்டிய வேர்ச்சொல் அதில்தான் இருக்கிறது என்று இந்த இழையைப் படித்தபோது பட்டது. "எய்" வழக்கொழிந்த சொல் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஏலக்கூடத்தில் வாழும் சொல்லை வழக்கொழிந்தது என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு சான்றும் உண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டையின் காவல் பொறிகள் வரிசையாக வரும். அவற்றில் ஒன்று வளைவிற்பொறி. பழைய உரை அதற்குத் தரும் பொருள், "வளைந்து தானே எய்யும் எந்திரவில்". தானே எய்யும்! நாம் ஒரு வாரமாகத் தேடும் கருத்தை உரையாசிரியர் இரண்டே சொல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைச் சுருக்கினால் "தானெய் பொறி". ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, ஆகவே இடையில் ப் மிகாது.

பொறி என்பதை நான் விரும்பிச் சேர்க்கிறேன். எந்திரமும் பொறி. கண், காது முதலிய புலன்களும் ஐம்பொறி. எலி பிடிப்பதும் பொறிதான். இந்தக் கருவி எந்திரம், அதற்குப் புலன் உண்டு, யார் வந்து சிக்குவார் என்று வைத்தவருக்குத் தெரியாத கண்ணியும்கூட. மூன்று பொருளும் ஒரே சொல்லில் அமைவது அரிது. மிதித்தவர் படைவீரரா, சுள்ளி பொறுக்கும் சிறுமியா என்று பார்க்காத கண்ணிவெடியை இதன் முன்னோடி என்று எளிதாக விளக்கவும் முடியும்.

> "தன்குறி ஆயுதம்" என்று சுருக்கலாமே?

புணர்ச்சியில் அது தற்குறி ஆகிவிடும். எழுத்தறியாதவரைப் பழிக்கும் சொல் அது. வேண்டாம்.

> தானெய் என்றாலும் "தான்" வருகிறதே. பொறுப்பு மறுபடியும் எந்திரத்திடம்தானே போகிறது?

நல்ல கேள்வி, நானும் இதில்தான் தயங்கினேன். ஆனால் இரண்டு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தன்னாட்சி என்பது முடிந்துபோன பதிலாகக் காதில் விழுகிறது. தானெய் என்றதும் அந்தப் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர், "அப்போ எய்தவன் யாரு?" என்று கேட்பார். இதே சொல்லை ராயபுரத்தில் எங்கள் படிப்பக மாணவர்களிடம் சொன்னேன். பதினோராம் வகுப்புப் பெண் அதையேதான் கேட்டாள். செய்து விற்றவரா, இலக்குச் சாயலை ஏற்றியவரா, ஏவச் சொன்ன தளபதியா என்று அரைமணி நேரம் பேசினோம். போருக்கு விதி வகுக்கும் பன்னாட்டு மனிதநேயச் சட்டத்தின் அறிஞர்கள் பேசுவதும் இதைத்தான்.

அந்த மாணவர்களுக்கு எம்டனை வைத்து விளக்கினேன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் நம் சென்னைத் துறைமுகப் பக்கம் இருந்த எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு போட்டு எரித்தது. பலர் ஊரைக் காலி செய்து ஓடினார்கள், "எம்டன்" தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். எதைக் குறிவைத்தார், ஏன் வைத்தார் என்று நூறாண்டு கழித்தும் நாம் வாதாடுகிறோம். வாதாட ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார்.

அடுத்த சொல். இத்தகைய ஆயுதத்தின் மேல் மனிதருக்கு இருக்க வேண்டிய கட்டுப்பாட்டை ஆங்கிலத்தில் meaningful human control என்கிறார்கள். "பொருள்பொதிந்த மனிதக் கட்டுப்பாடு" என்பது அதன் வெறும் மொழிபெயர்ப்பு. அங்கே கேட்பது பொருள் அல்ல, உண்மையான பிடி. பழைய நாட்களில் கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுபவருக்குக் கீழ்க்கிடங்கு தெரியாது. மேலே நிற்கும் சிக்னல்மேன் கையை அசைப்பார், அதைப் பார்த்துத்தான் இறக்குவார். சிக்னல்மேன் கீழே எட்டிப் பார்க்காமல் கையை மட்டும் அசைத்தால் கட்டுப்பாடு இருப்பதாகத் தோன்றும், இருக்காது. 2003 மார்ச்சில் ஈராக் போரின்போது அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணை, நட்பு நாடான பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. இருவர் இறந்தனர். பேட்ரியாட்டின் திரை அதைப் பகை ஏவுகணை என்று காட்டியது, மனிதர் அதை நம்பினார். அங்கே மனிதர் இருந்தார், பிடி இல்லை. ஆகவே "மெய்யான மனிதப் பிடி" என்கிறேன். பார்க்க நேரம் வேண்டும், புரிய வேண்டும், நிறுத்தவும் முடிய வேண்டும்.

நமக்கு ஏன் இந்தப் பாடு என்று ஒருவர் கேட்டிருந்தார். 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இந்த ஆயுதங்களைப் பற்றிய தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு, அவற்றில் இந்தியாவும் ஒன்று. 2026-க்குள் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலரும் செஞ்சிலுவைக் குழுத் தலைவரும் சேர்ந்து கேட்டார்கள். நம் அரசு எடுக்கும் நிலைப்பாடு சரியா தவறா என்று வண்ணாரப்பேட்டை டீக்கடையில் நாலு பேர் பேச வேண்டுமானால், முதலில் அவர்கள் வாயில் நிற்கிற சொல் வேண்டும்.

இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றும்முன் சொற்றொடரில் வைத்துப் பார்ப்போம். "மனிதரைக் குறிவைக்கும் தானெய் பொறிகளைத் தடை செய்க. மற்றவற்றை இடம், காலம், இலக்கு வகை ஆகியவற்றால் கட்டுப்படுத்துக." செஞ்சிலுவைக் குழு 2021-இல் சொன்னதன் ஒரு பகுதி இது. எனக்குத் தடங்கலில்லாமல் படிக்க வருகிறது. உங்களுக்கு இடறினால் எந்த இடத்தில் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். "இலக்குச் சாயல்" பற்றியும் கருத்து வேண்டும். சாயல் என்பது அழகைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து