"நாளைக்குப் பார்த்துக்கலாம்": படிப்பைத் தள்ளிப்போடாமல் இருக்க எது உதவுகிறது, எங்கே சறுக்குகிறது?

தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டால் வழி கிடைக்காது. தேர்வு நெருங்கும்போது அலமாரியை அடுக்குவோம், அறையைப் பெருக்குவோம், அந்த ஒரு பாடத்தை மட்டும் தொடமாட்டோம். அந்தப் பாடம் கிளப்பும் பயத்திலிருந்தோ சலிப்பிலிருந்தோ தப்பிக்கத்தான் இத்தனையும். சிரோயிஸ், பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரையும் இதையே சொல்கிறது: மனநிலையை அந்த நேரத்துக்குச் சரிசெய்யும் முயற்சி இது.

அதனால் முதல் அடியைப் பயப்பட முடியாத அளவுக்குச் சின்னதாக்குங்கள். "தெர்மோடைனமிக்ஸ் படிக்கணும்" என்று எழுதிவைத்தால் கை ஓடாது. "2-ஆம் யூனிட், முதல் 3 கணக்கு" என்று எழுதினால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதுவரை முடிவாகிவிடுகிறது. இன்னொன்று, கடிகாரத்தோடு கட்டாதீர்கள். 7 மணிக்கு என்று வைத்து 7:10 ஆகிவிட்டால், "சரி, 8-க்கு ஆரம்பிக்கலாம்" என்று மனம் பேரம் பேசும். "இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் மேசைக்குப் போவேன்" என்று தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டினால் அந்தப் பேரத்துக்கு இடமே இல்லை.

———

மேலே சொன்னதோடு டைமரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறை பலருக்கும் தெரியும். வாசிப்புக்கு அது சரி. நீளமான டெரிவேஷனுக்கும் புரோகிராமிங்குக்கும் ஒத்துவராது, சூடு பிடிக்கும்போதே மணி அடித்துவிடும். அங்கே 50-க்கு 10 வையுங்கள்.

ஓய்வில்தான் பெரும்பாலும் கெடுகிறது. 5 நிமிடத்துக்குப் போனை எடுத்தால் 40 நிமிடம் போய்விடும். போன் வேறு அறையில் இருக்கட்டும், டைமருக்குத் தனிக் கடிகாரம் போதும். எழுந்திருக்கும் முன் அடுத்து எழுத வேண்டிய வரி என்ன என்பதை ஒரு துண்டுத்தாளில் குறித்துவிடுங்கள், திரும்பி வந்து தேட வேண்டியதில்லை.

———

உட்கார்ந்தாயிற்று, சரி. உட்கார்ந்து என்ன செய்கிறோம்? ஹைலைட்டரால் பக்கத்தை மஞ்சளாக்குவதும் ஒருவகைத் தள்ளிப்போடல்தான் என்பது என் உறுதியான கருத்து. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி வாசித்தவர்களுக்கு 42.

செய்முறை எளிது. 10-15 நிமிடம் ஒரு பகுதியை வாசியுங்கள். புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதை எல்லாம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் நிரப்புங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் மறுபடி மூடிவைத்து எழுதுங்கள். முதல் சில நாள் ஒன்றுமே தெரியாததுபோல் இருக்கும், பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அந்தத் திணறலில்தான் பாடம் பதிகிறது, தயவுசெய்து விடாதீர்கள்.

முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று கார்டு எழுதுபவர்களுக்கு: ஒரு கார்டில் ஒரே கேள்வி. முழுப் பத்தியையும் அதில் ஏற்றினால் பாதி தெரிந்ததையே முழுவதும் தெரிந்ததாகக் கணக்கு வைத்துவிடுவோம்.

———

ஒரு நாள் தவறிவிட்டால் என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. விட்ட 2 மணி நேரத்தை மறுநாள் கணக்கில் ஏற்றி 4 ஆக்குவார்கள், அந்த 4-ஐப் பார்த்தே மறுநாளும் போய்விடும். பழக்கம் படிவது பற்றி லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது, நடு மதிப்பு 66. இடையில் ஒரு நாள் விட்டது பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே மறுநாள் வழக்கமான அதே அளவு, அதே மேசை. விட்ட பகுதியை வார இறுதியில் இதற்கென்றே காலியாக வைத்த ஒரு மணி நேரத்தில் முடியுங்கள்.